ஓய்வு தாங்காத பேட்டரி

“பயன்படுத்தியவர்களின் தவறான கையாளுதல்.” கம்பெனிக் கூட்டத்தில் திரையில் இந்த மூன்று சொற்கள்தான் இருந்தன. அதன் கீழே, கொடைக்கானல் மலையிலிருக்கிற பேத்துப்பாறையிலிருந்து வந்த ஒரு பேட்டரியின் படம். அதன் மூலையில் ஒட்டியிருந்த மண்ணைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்கள். தோட்டத்தில் மருந்தடிக்கிற மிஷினில் மண் ஒட்டாமல் பின்னே மல்லிகைப்பூவா ஒட்டும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அன்று நான் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்குக் கோபம் வரும்.

எங்கள் கம்பெனி ஒட்டன்சத்திரத்தில், காய்கறி மார்க்கெட்டைத் தாண்டிப் போகிற சாலையில், ஒரு பழைய கிடங்குக்குள் இருக்கிறது. முன்பக்கம் பேட்டரி அடுக்குகிறவர்கள். பின்பக்கம் நாங்கள் ஐந்து பேர், ஏசி போட்ட ஒரு அறை, காற்றும் ஈரமும் புகாத ஒரு கண்ணாடிப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் ரப்பர் உறை வழியாகக் கையை விட்டு நாளெல்லாம் பேட்டரிக்குள் போகிற செல் கட்டுவது என் வேலை. நாங்கள் செய்வது சோடியம் பேட்டரி. லித்தியத்துக்கு ஊர் ஊராக அலைய வேண்டாம், உப்பில் இருக்கிற சோடியமே போதும், விலை மலிவு என்பது அதன் பெருமை. ஆனால் சீக்கிரம் செத்துப்போகும் என்பது அதன் சாபம். உள்ளே ஊற்றுகிற திரவத்தில் எந்தச் சேர்மத்தை இரண்டு சொட்டுக் கூட விட்டால் அது கூடுதல் நாள் உழைக்கும் என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

முந்தின வருடம் முதுகில் மாட்டுகிற மருந்து மிஷின் பத்தில் எங்கள் பேட்டரியைப் பொருத்திச் சோதனைக்குக் கொடுத்தோம். எங்கள் ஊர் பேத்துப்பாறைப் பெண்கள் குழுவுக்குக் கொடுக்கலாம் என்று சொன்னவள் நான். அங்கே ஆண்கள் பாதிப்பேர் டூரிஸ்ட் ஜீப் ஓட்டவும் கட்டட வேலைக்கும் போய்விட்டார்கள். பீன்ஸுக்கும் பூண்டுக்கும் மருந்தடிப்பது பெண்கள் தலையில் விழுந்து வெகுநாளாகிறது. கைப்பம்பின் பிடியை இடது கையால் நாளெல்லாம் மேலும் கீழும் அடிக்க வேண்டும். இரண்டு வருடம் அடித்தால் தோள் போய்விடும். பேட்டரி மிஷின் வந்த பிறகு அந்தப் பத்துப் பேரும் சுவிட்சைப் போட்டுவிட்டு நடந்தார்கள். அவர்களில் நான்காம் எண் மிஷின் என் அம்மாவுடையது. இதை நான் கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை. சொந்தக்காரிக்குக் கொடுத்துவிட்டாள் என்று பேச்சு வரும் என்று பயந்தேன்.

ஒரு வருடம் முடிவதற்குள் பத்தில் ஏழு பேட்டரி போய்விட்டது. அதற்குத்தான் அந்தக் கூட்டம், அந்தச் சிவப்பு வட்டம்.

“அவங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்ல. பாவம், தெரியாமப் பண்ணிடறாங்க” என்றார் எங்கள் மேலாளர். கெட்ட மனிதர் இல்லை. அந்தப் ‘பாவம்’தான் எனக்கு வசவை விட மோசமாகக் கேட்டது. அறிக்கை முடிந்ததும் பத்து மிஷினையும் திரும்ப வாங்கி, கீழே சமவெளியில் ‘பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிற’ விவசாயிகளுக்குக் கொடுப்பதாக முடிவானது. அம்மாவுக்குத் திரும்பவும் கைப்பம்பு. போதாக்குறைக்கு, ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்ற பெயர் வேறு.

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனேன். கொடைக்கானலில் இறங்கி பேத்துப்பாறை பஸ்ஸைப் பிடித்து வீடு சேரும்போது மணி நான்கு இருக்கும். அம்மா வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பையைக்கூடக் கீழே வைக்காமல் ஆரம்பித்தேன். மிஷினைத் தண்ணீரில் கழுவினாயா, மழையில் விட்டாயா, வேறு சார்ஜரைப் போட்டாயா, கீழே போட்டாயா? கம்பெனித் தாளில் இருந்த கேள்விகளை வரிசை மாறாமல் கேட்டேன். அவள் முகம் மாறிக்கொண்டே வந்ததை நான் கவனிக்கவில்லை.

“ஏண்டி, நீ எம் மகளா வந்திருக்கியா, கம்பெனிக்காரியா வந்திருக்கியா?”

“கேக்குறதுக்குப் பதில் சொல்லும்மா.”

“சொல்றேன், நல்லாக் கேட்டுக்க. ஒன்னைய வளத்ததுலகூட நா இம்புட்டுப் பக்குவம் பாக்கல. ஈரத் துணியால அத தொட்டது கெடையாது. நீ தரையில படுத்து வளந்தவ. அது அரிசி டின்னு மேல பலகை போட்டு, மேல துண்டு போத்திக் கெடக்கு. போயிப் பாரு.”

பார்த்தேன். அப்படித்தான் கிடந்தது. சார்ஜர் வயரைக்கூடச் சுருட்டி, அவளுடைய பழைய ஜாக்கெட் துணியில் கட்டி வைத்திருந்தாள்.

“முழுசா சார்ஜு ஏத்தி வைங்கன்னு நீங்க குடுத்த தாளுல போட்டிருந்துச்சுல்ல? ஏத்தித்தான் வச்சேன். மழை விட்டு எடுத்துட்டுப் போனா, அரை டேங்கு அடிக்கிறதுக்குள்ள அடங்கிப் போச்சு. திரும்ப ஏத்துனேன். திரும்ப அடங்கிப் போச்சு. தோட்டத்து மொதலாளி என்னமோ நா வேணும்னே நிக்கிறாப்புல பாக்குறாரு. இப்ப நீயும் வந்து கேளு. வேற யாரு பாக்கி?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். உண்மையைச் சொன்னால், பஸ்ஸில் வரும்போது நானும் பாதி நம்பித்தான் வந்தேன். அம்மா எங்கேயாவது கவனமில்லாமல் இருந்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். என்னைப் பெற்றவளை, என்னோடு ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறவர்களின் கண்ணால் பார்த்தேன். அது அவளுக்கும் தெரிந்துவிட்டது. தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் ‘டக்’கென்று வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தேத்தண்ணியைக் குடித்து முடித்து, “எத்தனை நாள் சும்மா கெடந்துச்சும்மா?” என்றேன். இந்த முறை மகளாகத்தான் கேட்டேன்.

சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரைக் கழற்றி என் மடியில் போட்டாள்.

எங்கள் ஆட்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். அங்கே ஒரு நாள் வேலைக்கு ‘ஒரு பேர்’ என்று சொல்வார்கள். பாதி நாளுக்கு ‘அரைப் பேர்’. பேரைப் பதிகிற கங்காணிகள் விட்டுவிட்டால் அன்றைக்கு மலை ஏறி இறங்கியது வீண். அதனால் வேலைக்குப் போகிறவர்கள் தாங்களும் ஒரு அடையாளம் போட்டு வைப்பார்கள். அம்மா சின்னப் பிள்ளையாகக் கப்பல் ஏறி வந்தவள். அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. ஆனாலும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. வேலைக்குப் போன நாளில் முழுக் கோடு, பாதியில் மழை வந்து திரும்பின நாளில் அரைக் கோடு, போகாத நாள் வெறுமை. சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். எந்தக் கங்காணி வந்து இப்போது உன்னை ஏமாற்றப் போகிறான் என்று கேலி செய்திருக்கிறேன்.

“பேரு விழுந்த அன்னைக்கு மட்டுந்தான் மிசினு. பேரு விழலேன்னா அதுக்கும் லீவு” என்றாள்.

ஐப்பசியில் ஒன்பது கோடு. அடுத்து இருபத்தாறு நாள் வெறுமை. பிறகு இரண்டு முழுக் கோடு, ஒரு அரைக் கோடு, மறுபடியும் பதினோரு நாள் ஒன்றுமில்லை. நாள் கணக்கில் மழை பிடித்துக்கொள்ளும், மழை விட்டால் பனி மூட்டம் இறங்கும். இலை காயாமல் மருந்தடிக்க முடியாது. எங்கள் ஊரில் எவருக்கும் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் நான் அந்தக் காலண்டரின் வெறுமையான நாட்களை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தேன்.

ஏனென்றால் எங்கள் ஆய்வகத்தில் வெறுமையான நாளே கிடையாது. செல்லைச் சோதனை மிஷினில் மாட்டினால் ஏற்று, இறக்கு, ஏற்று, இறக்கு. ராத்திரி, பகல், தீபாவளி, பொங்கல் எதுவும் இல்லை. ஆயிரம் தடவை, இரண்டாயிரம் தடவை என்று எண்ணிக்கை ஏறுவதில்தான் எங்கள் தொழிலின் பெருமையே இருக்கிறது. ஒரு செல் சும்மா இருந்தால் அந்த இடம் வீணாகிறது என்பார்கள். பேட்டரிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை இது: ஓட்டத்தை மட்டும் சோதிப்பது, நிற்கும்போது என்ன ஆகிறது என்று பார்க்காமலே விடுவது. எங்கள் பேட்டரியும் அந்த ஓட்டத்தில் பிரமாதமாக ஜெயித்துத்தான் பேத்துப்பாறைக்குப் போனது. அதன் ஆயுளைக் காட்டுகிற கோடு திரையில் நேராக ஓடியபோது கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி.

நின்றால் என்ன ஆகும்? சோடியம் செல்லின் ஒரு பக்கம் கரி இருக்கும். முதல் தடவை சார்ஜ் ஏற்றும்போது உள்ளே இருக்கிற திரவம் கொஞ்சம் சிதைந்து, காய்ச்சின பால் மேல் ஏடு படிகிற மாதிரி, அந்தக் கரியின் மேல் ஒரு மெல்லிய படலமாகப் படியும். இதற்கு ஆங்கிலத்தில் பெரிய பெயர் உண்டு. எனக்கு அது ஏடுதான். அந்த ஏடு இருக்கிற வரை திரவம் மேற்கொண்டு சிதையாது. லித்தியத்தில் அந்த ஏடு அநேகமாக அப்படியே நிற்கும். சோடியத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாகத் திரவத்திலேயே கரையும். ஓய்வில்லாமல் ஓடினால் கரைகிற இடம் அப்போதைக்கப்போது அடைபட்டுவிடும், வெளியே தெரியாது. வாரக்கணக்கில் முழு சார்ஜோடு சும்மா கிடந்தால் ஏடு கரைந்து, அடுத்த தடவை புது ஏடு கட்ட வேண்டியிருக்கும். அதற்கு உள்ளே இருக்கிற சோடியம்தான் செலவு. ஒவ்வொரு மழைக்கும் இப்படிச் செலவானால் கடைசியில் ஓடுவதற்குச் சோடியம் எங்கே இருக்கும்?

இதெல்லாம் நான் படித்ததுதான். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் அம்மாவின் கோடுகளையும் இதையும் சேர்த்து யோசிக்க எனக்கு ஒரு வருடமும் ஏழு செத்த பேட்டரியும் தேவைப்பட்டன.

திங்கட்கிழமை காலை மேலாளரிடம் போனேன். ஓய்வு வைத்துச் சோதிக்கச் சோதனை மிஷினில் எட்டு இடம் வேண்டும் என்றேன்.

“எடமே இல்ல. ரெஸ்ட் எடுக்க வைக்கிறதுக்கு நாம என்ன லாட்ஜா நடத்துறோம்?” என்று சிரித்தார்.

“மலையில அப்படித்தான் சார் யூஸ் பண்றாங்க.”

“அதத்தானே நானும் சொல்றேன். சரியா யூஸ் பண்ணல.”

சும்மா விடுவேனா? எனக்கென்று ஒதுக்கின எட்டு இடத்தில் ஆறு மாதமாக என் சொந்தச் செல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதை வைத்து ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதுவதாக இருந்தேன். வெளியே ஒரு நல்ல வேலைக்கு அது எனக்கு வழியாகியிருக்கும். எட்டையும் பிடுங்கிப் போட்டேன். பக்கத்து மேசைப் பையன் “அக்கா, பைத்தியமா உங்களுக்கு?” என்று எழுந்தே நின்றுவிட்டான். கையோடு செய்யாவிட்டால் மனசு மாறிவிடும் என்று எனக்குத் தெரியும்.

நான்கு செல்லில் பேத்துப்பாறைக்குப் போன அதே திரவம். அதில் ஆயுளுக்காகச் சேர்த்திருந்தது ஃபுளோரின் உள்ள ஒரு சேர்மம். உலகம் முழுக்க முதலில் கை போவது அதன் மேல்தான். மற்ற நான்கில் கந்தகம் உள்ள வேறொன்றை, நூறு பங்குக்கு ஒரு பங்கு, நான் சேர்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் நானே கலந்து பார்த்தது. ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தது என்று ஓரம் கட்டியிருந்தோம். அதன் ஏடு சீக்கிரம் கரையாது என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது, ஆனால் கரைகிறதா என்று பார்க்க எவருமே செல்லை நிறுத்தவில்லையே.

பிறகு காலண்டரை மேசையில் விரித்தேன். ஒரு நாளை மூன்று மணி நேரமாகச் சுருக்கினேன். முழுக் கோட்டுக்கு முழு ஓட்டம், அரைக் கோட்டுக்குப் பாதி, வெறுமைக்கு முழு சார்ஜில் ஓய்வு. கரைகிற வேலை சீக்கிரம் நடக்கட்டும் என்று செல்களைக் கொஞ்சம் சூட்டில் வைத்தேன். இது மலையின் குளிர் இல்லை, இருபத்தாறு நாள் ஓய்வும் அதைச் சுருக்கின மூன்று நாளும் ஒன்றில்லை, அது எனக்கும் தெரியும். எந்தச் சோதனையிலும் ஏதோ ஒரு பொய் இருக்கும். ஓய்வே கிடையாது என்கிற பொய்யை விட இது சின்னப் பொய். அம்மாவின் ஒரு வருடம் நாற்பத்தைந்து நாளில் முடிந்தது.

முதல் நீண்ட வெறுமை முடிந்த காலையில் வெள்ளெனவே போய்த் திரையைப் பார்த்தேன். கம்பெனித் திரவம் ஊற்றின நான்கு செல்லின் கோடும் ஒரு படி கீழே இறங்கியிருந்தன. அடுத்த வெறுமையில் இன்னொரு படி. ஓடுகிற நாளில் நேராகப் போகும், நின்று எழுந்தால் இறங்கும். மாடிப்படி மாதிரியே இருந்தது. என் கந்தகச் சேர்மம் போட்ட நான்கும் இறங்கின, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படிகள் சின்னவை. வருடக் கடைசியில் முதல் நான்கில் மூன்று செத்துவிட்டன. என்னுடையவை நான்கும் நின்றன. இருக்கையிலிருந்து எழுந்து, ஏசி அறையில் தனியாக, “எங்கம்மா ஒண்ணும் பண்ணலடா!” என்று கத்தினேன். வெட்கமாக இல்லை.

இது மாயம் ஒன்றும் இல்லை. இதை எழுதுகிற இன்று அந்தத் திரவம் ஊற்றின பேட்டரிகள் மலையில் ஒரு முழு மழைக்காலத்தைத் தாண்டியிருக்கின்றன. அவற்றில் ஒன்று போய்விட்டது. ஏன் என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மேலாளர் கோடுகளைப் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார். மூளைக்காரர், நான் சொல்வதற்கு முன்பே புரிந்துகொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

“பிரமாதம்மா. இந்தச் சேர்மத்த வச்சு தனி புராஜெக்ட் போடறோம், நீங்கதான் லீடு.”

“அறிக்கையில அந்த வரி, சார்?”

“எந்த வரி?”

“தவறான கையாளுதல்.”

நாற்காலியில் சாய்ந்தார். “நாம குடுத்த பேட்டரியே சரியில்லன்னு நாமளே எழுதிக் குடுத்தா, பணம் போட்டவங்க அடுத்த சோதனைக்கு ஒத்துக்குவாங்களா? சரி, உங்களுக்காக மாத்தறேன். ‘ஒழுங்கற்ற பயன்பாடு’ன்னு போட்டுக்கலாம். அது உண்மைதானே?”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “மழை ஒழுங்கா பெய்ஞ்சா அவங்களும் ஒழுங்கா யூஸ் பண்ணுவாங்க சார். மழைகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வரட்டுமா?”

அவருக்கும் கோபம் வந்துவிட்டது. அடுத்த வாரம் பணம் போட்டவர்கள் வருகிறார்கள், பத்து மிஷினும் இங்கே இருந்தாக வேண்டும் என்றார். மேசையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து நீட்டினார். “நீங்களே போங்க. உங்க ஊருதானே. கையெழுத்து வாங்கிட்டு மிஷினக் கொண்டு வாங்க.”

தமிழில் அச்சடித்த திரும்பப் பெறும் படிவம். பத்திலும், இன்னும் சாகாத மூன்றின் படிவத்திலும்கூட, ‘பழுதுக்கான காரணம்: தவறான கையாளுதல்’ என்று முன்னமே அச்சாகியிருந்தது. கீழே மூன்று கையெழுத்துக்கு இடம்: பயன்படுத்தியவர், ஆய்வாளர், மேலாளர். ஆக, வேலை வேண்டுமென்றால் என் அம்மாவிடம் போய், ‘நான்தான் கெடுத்தேன்’ என்று எழுதி வாங்கி வர வேண்டும். நான் அந்தக் கட்டை வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று கேட்டால், வண்டியில் ஏறும்போதுகூட என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

பேத்துப்பாறைச் சமுதாயக் கூடத்தில் பத்துப் பேரும் மிஷினோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லா மிஷினையும் துடைத்துக் கொண்டு வந்திருந்தார்கள். நான் படிவங்களைக் கொடுத்தேன். அம்மா தன்னுடையதைக் கையில் வாங்கி, கண்ணாடியை மாட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி முழுவதும் படித்தாள். காரணம் என்கிற வரிக்கு வந்ததும் நிறுத்தினாள். என் பக்கம் திரும்பினாள்.

“இது நெசமா?”

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். வெளியே கம்பெனி டிரைவர் நின்றுகொண்டிருந்தார்.

“இல்ல” என்றேன்.

“இல்லைன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

சொன்னேன். ஏடு, கரைவது, மழை, காலண்டர் எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். “சும்மா கெடந்தாத்தான் கெட்டுப் போகுமா?” என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்றேன். “எங்க வீட்டுக்காரரு மாதிரி” என்று அவள் சொன்னதும் கூடமே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“அப்ப நெசம் இல்லாததுக்கு எதுக்குடி கையெழுத்து கேக்குற?”

பேனாவை எடுத்தேன். அவள் கையிலிருந்த படிவத்தை வாங்கி, அந்த இரண்டு சொல்லையும் அடித்தேன். மேலே எழுதினேன்: ‘ஓய்வில் இருக்கும்போது பேட்டரியின் உட்படலம் கரைகிறது. பிழை பேட்டரியின் திரவத்தில், பயன்படுத்தியவரிடம் இல்லை. மாற்றுப் பேட்டரி தர வேண்டும்.’ ஆய்வாளர் என்ற இடத்தில் முதல் ஆளாக நான் கையெழுத்துப் போட்டேன். பிறகு அடுத்த படிவம். அதற்கடுத்தது. பத்தையும் எழுதி முடிக்கும்போது விரல் வலித்தது. ஆனாலும் நிறுத்தத் தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வெளியே போய் போன் பேசினார். இரண்டே நிமிடத்தில் என் போன் அடித்தது.

“என்ன பண்றீங்க அங்க? யாரு உங்களுக்கு அதிகாரம் குடுத்தா?” போனுக்கு வெளியே கேட்கிற அளவுக்கு மேலாளர் கத்தினார். நான் பதில் சொல்வதற்குள் அம்மா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“சார், வணக்கங்க. நாங்க பத்து பேரும் கையெழுத்துப் போட்டாச்சுங்க. எம் மகளும் போட்டிருச்சு. இனி நீங்க ஒருத்தருதான் பாக்கி.”

மறுபக்கம் ஏதோ சொன்னார். மகளா என்று கேட்டிருப்பார்.

“ஆமாங்க, எம் மகதான். பேப்பரு கீழ வராதுங்க. மிசினும் வராது. எங்களுக்கும் சோலி கெடக்கு, நீங்க வெரசா ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.”

வியாழக்கிழமை வந்தார். வராமல் என்ன செய்வார், பத்து மிஷினும் எங்கள் கூடத்தில் பூட்டிக் கிடந்தது. கொண்டை ஊசி வளைவுகள் அவரை ஒரு வழி பண்ணிவிட்டன போல. ஒரு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வண்டியிலிருந்து இறங்கினார். அம்மா நாற்காலி போட்டு, தேத்தண்ணி கொடுத்தாள். அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“அம்மான்னு ஏன் சொல்லல? இனிமே இந்த டேட்டாவ யாரு நம்புவா?”

“சொல்லியிருக்கணும் சார். அது என் தப்பு, எழுதியே தர்றேன். ஆனா செல்லுக்கு எங்கம்மா யாருன்னு தெரியாது. நான் தொடாம வேற ஆள வச்சுத் திரும்பப் போடுங்க. இதே படிதான் வரும்.”

சோதனையைத் திரும்பப் போட்டால் என்ன வரும் என்று அவருக்கும் தெரியும். கூடத்துக்குள் போய் உட்கார்ந்தார். நான் அடித்து எழுதியதைப் பத்துப் படிவத்திலும் படித்தார். அவசரப்படாமல்தான் படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டு, கட்டை அம்மாவின் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார்.

அம்மா உட்கார்ந்தபடியே முதல் தாளை எடுத்தாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். இரண்டாவதை எடுத்தாள். பத்தையும் பார்த்து முடிக்கும்வரை அவர் வாசலில் நின்றார்.

“சார்” என்று கூப்பிட்டாள். கட்டை அவர் பக்கமே திருப்பி நீட்டினாள். “தேதி போடலையேங்க.”

திரும்ப வந்து உட்கார்ந்து, பத்திலும் போட்டார்.